எண் எங்கே முடிகிறது? ஒரு டயல் பிளானை வாசித்த கதை

இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு வரி. எழுதியவர் பெயர் கிடையாது. பல வீடுகளில் அலமாரிக்குள் தூசி படிந்து கிடக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் அது இருக்கிறது. வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பார்த்தவர்களும் படித்திருக்க மாட்டார்கள், வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருப்பார்கள். நானும் ஏழு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

பெட்டி என்றால் இணையத் தொலைபேசி அடாப்டர். ஒரு பக்கம் ரூட்டரிலிருந்து வரும் கேபிள், இன்னொரு பக்கம் பழைய பட்டன் போன். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் லேண்ட்லைனை எடுத்துவிட்டு இதை வைத்தோம். காரணம் அம்மா. வருடத்தில் ஆறு மாதம் எங்களோடு இருப்பார். ஸ்மார்ட்போன் திரையில் அவருக்கு விரல் நிற்காது. "பட்டன் அமுக்கினா டிக்குனு ஒரு சத்தம் வரணும்டா" என்பார். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் போன் அதற்காக.

போன வருடம் அவருக்கு ஒரு நாள் தலை சுற்றல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்கு ஒரு சந்தேகம்: இந்தப் போனில் 911 உண்மையிலேயே வேலை செய்யுமா? 911ஐ அடித்துச் சோதிக்கக் கூடாது. அதற்குப் பதிலாகச் சில இணையத் தொலைபேசி நிறுவனங்கள் 933 என்று ஒரு எண் கொடுக்கின்றன. அதை அடித்தால் அவசர சேவைக்காக நாம் பதிவு செய்து வைத்திருக்கும் முகவரியை ஒரு குரல் வாசித்துக் காட்டும். அடித்தேன். அமைதி. பத்து விநாடி கழித்து வேகமான எங்கேஜ்டு டோன். நிறுவனத்தின் மீது தப்பில்லை, அழைப்பு அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. பெட்டியே அதை விழுங்கிவிட்டது.

அப்போதுதான் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த வரியைப் படித்தேன். ஆங்கில எக்ஸ் வரும் இடத்தில் ஆய்த எழுத்தும், எஸ் வரும் இடத்தில் 'ச'வும் போட்டு இங்கே தருகிறேன்:

(*ஃஃ|[3469]11|0|00|[2-9]ஃஃஃஃஃஃ|1ஃஃஃ[2-9]ஃஃஃஃஃஃச0|ஃஃஃஃஃஃஃஃஃஃஃஃ.)

இதன் இலக்கணம் ரொம்பச் சின்னது. ஃ என்றால் ஏதாவது ஒரு இலக்கம். சதுர அடைப்புக்குள் இருப்பவற்றில் ஒன்று வரலாம். செங்குத்துக் கோடு என்றால் 'அல்லது'. புள்ளி என்றால் அதற்கு முந்தையது எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். 'ச0' என்றால் இந்த விதி பொருந்தியதும் காத்திருக்காமல் உடனே அனுப்பு. கல்லூரியில் ஆட்டோமேட்டா பாடம் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன்தான்.

இப்படி ஒரு வரி எதற்காகத் தேவைப்படுகிறது? கைபேசியில் எண்ணைத் தட்டிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். எண் முடிந்தது என்று நாமே சொல்லிவிடுகிறோம். பழைய போனில் அந்தப் பொத்தான் கிடையாது. 1891இல் ஸ்ட்ரோஜர் காப்புரிமை வாங்கிய தானியங்கி சுவிட்சின் வழியில் வந்த எக்ஸ்சேஞ்சுகளில் ஒவ்வொரு இலக்கமும் வரவர சுவிட்ச் ஒரு படி நகரும். கடைசி இலக்கம் வந்ததும் நீங்கள் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அங்கே 'அனுப்பு' என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இணையத்தில் இந்தப் பெட்டி பேசும் சிப் நெறிமுறை முழு எண்ணையும் ஒரே கடிதமாகக் கேட்கிறது. ஒரு பக்கம் இலக்கம் இலக்கமாகச் சொட்டும் போன், மறுபக்கம் மொத்தமாகக் கேட்கும் வலை. நடுவில் உட்கார்ந்திருக்கும் பெட்டி, எண் எங்கே முடிகிறது என்று ஊகிக்க வேண்டும். புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஓலைச்சுவடியில் சொல் எங்கே முடிகிறது என்று தேடுபவரின் நிலைமைதான். சுவடி வாசிப்பவருக்கு மொழி தெரியும். பெட்டிக்கு இந்த வரி மட்டும்தான் தெரியும்.

ஊகிக்கும் முறை இப்படி. அடித்தது ஒரு விதியோடு முழுசாகப் பொருந்தி, வேறு எந்த விதிப்படியும் இதற்கு மேல் நீள வழியில்லை என்றால் உடனே அனுப்பும். முழுசாகப் பொருந்தியும் இன்னும் நீள வாய்ப்பு இருந்தால் 3 விநாடி காத்திருக்கும். எதுவுமே இன்னும் முழுசாகப் பொருந்தவில்லை என்றால் 10 விநாடி பார்த்துவிட்டு எங்கேஜ்டு டோன் கொடுத்துவிடும். இந்த 3, 10 இரண்டும் என் பெட்டியில் முதலிலிருந்தே இருந்த அளவுகள்.

இப்போது 911ஐ இந்த வரிக்குள் விட்டுப் பாருங்க. [3469]11 என்ற விதியோடு முழுசாகப் பொருந்துகிறது. சரி. ஆனால் 9இல் தொடங்கும் ஏழு இலக்க உள்ளூர் எண்ணாகவும் அது நீளலாம், ஏனென்றால் [2-9]ஃஃஃஃஃஃ என்ற விதி அங்கேயே இருக்கிறது. கடைசியில் உள்ள 'எதுவானாலும் சரி' விதியும் இருக்கிறது. ஆகவே பெட்டி 3 விநாடி யோசிக்கும். 1 போட்டு அடிக்கும் வெளியூர் அழைப்புக்கு மட்டும் 'ச0' இருக்கிறது, அது அந்த நொடியே பறக்கும்.

என் முதல் குற்றச்சாட்டு இதுதான். வரியை எழுதியவர் எரிச்சலை அளந்திருக்கிறார். தினமும் அடிக்கும் வெளியூர் எண் தாமதமானால் வாடிக்கையாளர் புகார் சொல்வார். வாழ்நாளில் ஒரு தடவை அடிக்கும் எண் 3 விநாடி தாமதமானால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். 3 விநாடி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். சாதாரண நேரத்தில் இல்லை. ரிசீவரில் எந்தச் சத்தமும் வராத 3 விநாடி, பயந்திருக்கும் ஒருவருக்குப் 'போன் செத்துப்போச்சு' என்று தோன்ற வைக்கும். வைத்துவிட்டு மறுபடி அடிப்பார். மறுபடியும் 3 விநாடி.

இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடப் பெரிது. இந்த வரி ஒரு குறிப்பிட்ட காலத்தின் ஆவணம். அந்தக் காலம் போய்விட்டது, வரி போகவில்லை.

வட அமெரிக்க எண் திட்டம் 1947இல் வந்தது. ஏரியா கோடின் நடு இலக்கம் 0 அல்லது 1 ஆகத்தான் இருக்கும், உள்ளூர் எக்ஸ்சேஞ்ச் எண்ணில் அப்படி வராது. ஆக இரண்டாவது இலக்கத்திலேயே இது ஏரியா கோடா உள்ளூரா என்று எந்திரத்துக்குத் தெரிந்துவிடும். அழகான வடிவமைப்பு. எண்கள் தீர்ந்துபோனதால் 1995இல் அந்த வேறுபாட்டைக் கைவிட்டார்கள். அலபாமாவில் 334, வாஷிங்டன் மாநிலத்தில் 360 என்று புதிய வகைக் கோடுகள் வந்தன. அதன்பிறகு எண்ணைப் பார்த்தே பிரிக்க முடியாது. முன்னால் 1 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அல்லது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

என் பெட்டியின் வரி அதற்குப் பிந்தைய உலகத்தில் நிற்கிறது: உள்ளூர் என்றால் ஏழு இலக்கம், வெளியூர் என்றால் 1 போட்டுப் பதினொன்று. 1 இல்லாத பத்து இலக்கம் என்ற பேச்சே இல்லை. பத்து இலக்கம் அடித்தால் எந்த விதியோடும் முழுசாகப் பொருந்தாது, கடைசி விதிக்கே குறைந்தது பதினொன்று வேண்டும். 10 விநாடி, பிறகு எங்கேஜ்டு டோன். இன்னொரு கூத்து: பத்து இலக்கத்தை நோட்டில் பார்த்து அடிக்கும்போது ஏழாவது இலக்கத்தில் கண்ணாடியைச் சரிசெய்யக் கொஞ்சம் நிறுத்தினால், 3 விநாடியில் அந்த ஏழை மட்டும் உள்ளூர் எண் என்று அனுப்பிவிடும். 'ராங் நம்பர்' என்று அம்மா அடிக்கடி சொன்னதற்கு அர்த்தம் ஏழு வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. நான் அவர் கண்ணைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

அப்புறம் 988. தற்கொலை எண்ணத்திலோ மன நெருக்கடியிலோ இருப்பவர்கள் அழைப்பதற்காக 2022 ஜூலை 16 முதல் அமெரிக்கா முழுவதும் நடைமுறைக்கு வந்த மூன்று இலக்க எண். 988 என்று தொடங்கும் உள்ளூர் எண்கள் இருந்த 80க்கும் மேற்பட்ட ஏரியா கோடுகளில், இதற்காகவே ஏழு இலக்க டயலிங்கை நிறுத்திப் பத்து இலக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாட்டின் தொலைபேசிப் பழக்கத்தையே மாற்றினார்கள். என் பெட்டியின் வரிக்கு இது எதுவும் தெரியாது. அதில் 988 என்பது ஏழு இலக்க எண்ணின் அரைகுறைத் தொடக்கம் மட்டும்தான். அந்த எண்ணை அடிக்கும் நிலையில் இருக்கும் ஒருவர் பத்து விநாடி அமைதியைக் கேட்டு, பிறகு எங்கேஜ்டு டோனைக் கேட்டு, என்ன முடிவுக்கு வருவார்? இரண்டாவது தடவை அடிப்பாரா? இதை எழுதும்போதும் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

'பழைய பெட்டி, அப்டேட் பண்ணலைன்னா அப்படித்தான்' என்று தோன்றலாம். ஆனால் இந்த எழுத்துமுறையின் வேரிலேயே இந்தக் குறை இருக்கிறது என்று நினைக்கிறேன். 1999 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 2705, எம்ஜிசிபி நெறிமுறை ஆவணம். 'டிஜிட் மேப்' என்ற பெயரில் இதே மாதிரி இலக்கணத்தை விளக்கி, ஓர் அலுவலகத்துக்கான எடுத்துக்காட்டும் தருகிறது. டைமர் குறியான ஆங்கில டி எழுத்துக்கு 'ட' போட்டிருக்கிறேன்:

(0ட|00ட|[1-7]ஃஃஃ|8ஃஃஃஃஃஃஃ|#ஃஃஃஃஃஃஃ|*ஃஃ|91ஃஃஃஃஃஃஃஃஃஃ|9011ஃ.ட)

வெளியூருக்கு 9, பிறகு 1, பிறகு பத்து இலக்கம். வெளிநாட்டுக்கு 9011. உள்ளூர் ஆபரேட்டர், வெளியூர் ஆபரேட்டர், வேறு கிளைக்குக் குறுக்குவழி, நட்சத்திரச் சேவை எல்லாம் இருக்கிறது. 911 இல்லை. 9, 1, 1 என்று அடித்தால் அது ஒரு வெளியூர் எண்ணின் முதல் மூன்று இலக்கம், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அது இலக்கணத்தை விளக்கத் தந்த எடுத்துக்காட்டு. அந்த ஏற்பாட்டில் டைமர் முடிந்ததும் சேர்ந்த இலக்கங்கள் மேலே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் போகும், அது வேறு முடிவு எடுக்கலாம். ஆனால் என் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒன்று: எடுத்துக்காட்டுகள்தான் நகலெடுக்கப்படும். விளக்கத்தைப் படிப்பவர் பத்துப் பேர் என்றால் எடுத்துக்காட்டை ஒட்டுபவர் ஆயிரம் பேர்.

2013 டிசம்பரில் டெக்சாஸின் மார்ஷல் ஊரில் ஒரு தங்கும் விடுதி அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் அறையில் இருந்த போனில் 911ஐ நான்கு தடவை அடித்தாள். அழைப்பு போகவில்லை. வெளியே பேச முதலில் 9 அடிக்க வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சரியாகச் செய்தாள், தப்பு செய்தது விதி. அதன் விளைவாக வந்த கேரி சட்டம் 2018இல் கையெழுத்தாகி 2020 பிப்ரவரி 16 முதல் நடைமுறைக்கு வந்தது. விடுதி, அலுவலகம் போன்ற பல இணைப்பு அமைப்புகளைப் புதிதாக நிறுவும்போது எந்த முன்னிலக்கமும் இல்லாமல் 911 போக வேண்டும் என்கிறது அது. வீட்டில் இருக்கும் ஒற்றைப் பெட்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே சட்டம் எழுதுபவர் வீட்டுக்காரர்தான்.

அதனால் எழுதினேன். 911க்கு 'ச0' போட்டேன். அடித்த மறுநொடியே போகும். ரொம்பப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் வீட்டு வாசலில் போலீஸ் அதிகாரி.

நடந்தது இதுதான். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, டெல்லியில் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து டெல்லிக்கு 011, பிறகு 91, பிறகு டெல்லியின் 11, பிறகு எண். அம்மா 011ஐ மறந்து 91 11 என்று ஆரம்பித்துவிட்டார். 9, 1, 1. மூன்றாவது பொத்தானிலேயே என் புதிய விதி வேலை செய்துவிட்டது. எதிரில் இங்கிலீஷில் ஒரு குரல், என்ன அவசரம் என்று. அம்மா பயந்து "சாரி சாரி" என்று வைத்துவிட்டார். திரும்ப மணி அடித்தது, எடுக்கவில்லை. பேசாமல் துண்டித்தால் ஆள் அனுப்பிப் பார்ப்பது அவர்கள் கடமை. அனுப்பினார்கள். அதிகாரி தன்மையாகத்தான் பேசினாராம். ஆனால் அம்மாவுக்கு நடுக்கம் போக இரண்டு நாள் ஆனது. "நான் டெல்லிக்குத்தானேடா அடிச்சேன், எதுக்குடா போலீஸ் வந்தாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு வாரம் அந்தப் போனைத் தொடவே இல்லை. அவசரத்துக்கு உதவணும்னு நான் செய்த திருத்தம், போனையே அவருக்குப் பகையாக்கிவிட்டது.

அன்று ராத்திரி பழைய வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன், இந்தத் தடவை கொஞ்சம் பணிவோடு. பழைய விதியில் இதே தவறு நடந்திருந்தால்? 9, 1, 1க்குப் பிறகு 3 விநாடி அவகாசம். அதற்குள் அம்மா அடுத்த இலக்கத்தை அழுத்தியிருப்பார். 911 விதி விலகிப்போயிருக்கும். 'அப்படி ஒரு எண் இல்லை' என்று ஒரு பதிவுக் குரலோடு முடிந்திருக்கும். நான் அலட்சியம் என்று திட்டிய அந்த 3 விநாடி, கை தவறி அடிப்பவர்களுக்கு ஒரு வேலி. எழுதியவர் அதை யோசித்தே வைத்தாரா, தானாக அமைந்ததா என்று வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் என் முதல் வாசிப்பு அவசர வாசிப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

011 இல்லாமல் 91 என்று தொடங்கினால் பெட்டியே சரிசெய்து அனுப்பும்படி ஒரு விதி எழுதலாமே? முயற்சி செய்தேன், முடியாது. சென்னை எண் 91 44 என்று தொடங்கும். 914 என்பது நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் பகுதி ஏரியா கோடு. கைபேசி எண் 9இல் தொடங்கினால் 919, அது வட கரோலினாவின் ராலே. 6இல் தொடங்கினால் 916, கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ. பத்தாவது இலக்கம் வரும்போது பெட்டிக்கு இந்தியாவும் அமெரிக்காவும் ஒரே மாதிரி தெரியும். அம்மாவுக்கு மட்டும்தான் எங்கே அடிக்கிறோம் என்று தெரியும், பெட்டி அதை அவரிடம் கேட்காது.

ஆக இரண்டு தவறுகளில் எதைத் தாங்கலாம் என்பதுதான் கேள்வி. தேவையில்லாமல் போகும் 911, தேவைப்பட்டும் தாமதமாகும் 911. மனைவியிடம் பேசினேன். அவள் தெளிவாகச் சொன்னாள்: "போலீஸ் வந்தா மன்னிப்புக் கேக்கலாம். ஆம்புலன்ஸ் வரலைன்னா யார்கிட்ட கேப்பீங்க?" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெட்டி அழைப்பாலும் நஷ்டம் உண்டு, அந்த நேரத்தில் வேறு யாருக்கோ அந்த அதிகாரி தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் தவறாகப் போன அழைப்பைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. இப்போது என் வரி:

(911ச0|988ச0|933ச0|*ஃஃ|<00:சித்தி எண்>|1ஃஃஃ[2-9]ஃஃஃஃஃஃச0|<:1>[2-9]ஃஃ[2-9]ஃஃஃஃஃஃச0|011ஃ.)

கோண அடைப்புக்குள் இடப்பக்கம் நாம் அடிப்பது, வலப்பக்கம் பெட்டி அனுப்புவது. சித்தி எண் என்ற இடத்தில் 011இலிருந்து தொடங்கும் முழு எண் இருக்கிறது. பூஜ்யத்தை இரண்டு தடவை அழுத்தினால் சித்தி. முன்பு அந்த 00 வெளியூர் ஆபரேட்டருக்கு இருந்த இடம். பத்து இலக்கம் அடித்தால் முன்னால் 1ஐப் பெட்டியே சேர்த்துக்கொள்ளும். ஏழு இலக்க விதியையும் 'எதுவானாலும் சரி' விதியையும் எடுத்துவிட்டேன். பத்து இலக்க எண்ணின் நடுவில் நிறுத்தினால் இப்போது 10 விநாடி பொறுக்கும், அந்தப் பாதி எண்ணை யாருக்கும் அனுப்பாது.

இதுவும் நல்ல வரி இல்லை, எங்கள் வீட்டுக்கு ஏற்ற வரி. நாளைக்குப் புதிதாக ஒரு மூன்று இலக்க எண் வந்தால் இதுவும் அதை விழுங்கும். முந்தைய வரியை எழுதியவர் மீது நான் வைக்கும் குறை, அவர் எதிர்காலத்தை ஊகிக்கவில்லை என்பது இல்லை. அது யாராலும் முடியாது. தெரியாத எண் வந்தால் மேலே அனுப்பிக் கேட்போம் என்ற ஒரு பணிவு அந்தப் பெட்டியில் இல்லை, தனக்குத் தெரியாதது இல்லவே இல்லை என்று நினைக்கிறது. 933ஐ நிறுவனத்திடம் தள்ளிவிட்டிருந்தால் அங்கே அதற்குப் பதில் இருந்தது. வாசலில் நிற்கும் காவலாளி, வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமலே ஆளைத் திருப்பி அனுப்பிய மாதிரி.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருந்தால் ஒரு சனிக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. அந்த வரியைக் காகிதத்தில் எழுதி, 911ஐ ஒவ்வொரு இலக்கமாக அதற்குள் நடத்திப் பாருங்க. 988ஐயும். உங்கள் நிறுவனத்தில் 933 போன்ற சோதனை எண் உண்டா என்று கேட்டு, முகவரி சரியா என்று காதால் கேளுங்க. வீடு மாறியவர்கள் முக்கியமாக. மாற்றம் செய்தால் அந்தப் போனை அதிகம் பயன்படுத்துபவரிடம் சொல்லுங்க. நான் அதைச் செய்யவில்லை. விதியை மாற்றினேன், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது போன் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "ஊருக்கு 011. தங்கச்சிக்கு 00. தப்பா 911 போனா வைக்கக் கூடாது, மிஸ்டேக்னு சொல்லணும்." பெட்டிக்குள் இருக்கும் வரியை விட இது தெளிவாக இருக்கிறது.